பாட்டனாரின் பட்டாளத்துக் காகிதங்கள்



நமது மஹல்லாவின் பழைய குடும்பங்களிடம் உள்ள பத்திரங்கள், கடிதங்கள், நிக்காஹ் பதிவுகள் ஆகியவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்க நிர்வாகக் குழு விரும்புகிறது என்று முன்பு அறிவித்திருந்தோம். அறிவிப்பைக் கண்டு பலர் ஆர்வத்துடன் வந்தனர். பெரும்பாலும் நிலப் பத்திரங்கள், சில மஹர் குறிப்புகள், ஹஜ் பயணக் கப்பல் சீட்டு ஒன்று. அவற்றைப் பற்றித் தனியே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். இங்கு எழுத முற்படுவது ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த சிறு காகிதக் கட்டைப் பற்றி. அளவில் அது மிகச் சிறியது. ஆனால் நம்மை நான்கு மாதங்கள் வேலை வாங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அக்குடும்பத்துப் பாட்டனாரின் பணிவிடுப்புச் சான்று, மருத்துவக் குறிப்புகளின் படிகள் மூன்று தாள்கள், உடற்குறை ஓய்வூதியம் மறுத்து வந்த ஒரு கடிதம் ஆகியவையே அக்கட்டு. மர்ஹூம் அவர்கள் 1942-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1945-இல் ஊர் திரும்பினார். 1958-இல் ஒரு மாலை ஏரிக்கரை மேல் நடந்து வருகையில் மூச்சு முட்டி விழுந்து அங்கேயே மவுத்தானார். அப்போது அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. ஊர் திரும்பிய பின் வாழ்ந்த பதின்மூன்று ஆண்டுகளில் அவர் ஏர் பிடித்ததில்லை, ஏற்றம் இறைத்ததில்லை; திண்ணையில் சாய்ந்தே காலம் கழித்தார். பட்டாளத்தில் உட்கார்ந்து தின்று பழகியவர் என்று ஊரார் பேசினார்கள். வீட்டாரும் அதை மறுக்கவில்லை.

ஓரகடம் பகுதியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்ட காலத்தில், 2007-ஆம் ஆண்டு வாக்கில், மூலப்பத்திரம் தேடி வீட்டின் பழைய தகரப் பெட்டி திறக்கப்பட்டது. பத்திரத்துடன் இக்காகிதங்களும் வெளியே வந்தன. அப்போது பட்டயப் படிப்பை முடித்திருந்த பேரன் ஒருவர் மருத்துவத் தாளைப் புரட்டியபோது, ‘நோய்’ என்ற கட்டத்தில் ‘வி.டி.’ என்ற இரண்டு எழுத்துகள் கண்ணில் பட்டன. அவை எதைக் குறிக்கும் என்று அறிய அவருக்கு அகராதி தேவைப்படவில்லை. அக்காலத்து ஆங்கில வழக்கில் அவை பால்வினை நோய்க்கான எழுத்துகள். பேரன் கட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அத்தாவிடமும் கூறவில்லை, அத்தையிடமும் கூறவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் பாட்டனாரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவர் எழுந்து போய்விடுவாராம். நமது அறிவிப்பைப் பார்த்த பின்பே, தயங்கித் தயங்கி, “வெளியில் தெரிய வேண்டாம், படித்து மட்டும் சொல்லுங்கள்” என்ற வேண்டுகோளுடன் கொண்டுவந்தார். இப்போது எழுதலாம் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதால் பெயரின்றி எழுதுகிறோம்.

காகிதத்திற்குள் செல்லுமுன், நம் பகுதிக்கும் பட்டாளத்திற்கும் உள்ள தொடர்பைச் சிறிது நினைவுகூர வேண்டும். இன்றைய இளைஞர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் என்றால் கார் தொழிற்சாலையும் கைப்பேசித் தொழிற்சாலையும் கன்டெய்னர் லாரிகளுமே நினைவுக்கு வரும். வண்டலூரிலிருந்து ஓரகடம் வழியாகச் செல்லும் அதே சாலையில் மேலும் சென்றால் வாலாஜாபாத். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அவ்வூர் ஒரு காலத்தில் கும்பினிப் படையின் பெரிய பாளையமாக இருந்தது. 1794-இல் திரட்டப்பட்ட மெட்ராஸ் பட்டாளம் ஒன்று பிற்காலத்தில் ‘வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி’ என்றே பெயர் பெற்றது. 1903-ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் அதற்கு 83 என்ற எண் கிடைத்தது. 1922-இல் அது 3-ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 4-ஆவது பட்டாலியனாக மாற்றப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் சிக்கனத்தின் பேரால் கலைக்கப்பட்டது. தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர்கள் என்றொரு கொள்கையும் அந்நாளைய ஆங்கிலத் தளபதிகளிடம் இருந்தது. 1880-களில் மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் அதில் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அக்கொள்கை எங்கோ போயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் திரட்டப்பட்டது. 25 இலட்சம் பேரையும் தாண்டிய இந்தியப் படையில் நம் வட்டாரத்து ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தனர். மர்ஹூம் அவர்கள் சேர்ந்தது தளவாடங்களையும் உணவையும் கொண்டு செல்லும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில், லாரி ஓட்டுநராக.

இனி எழுத்துகளுக்கு வருவோம். ஒரு சிறு இடைஞ்சலை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஆங்கிலத்தில் தனித்தனியான இரண்டு எழுத்துகள் தமிழில் எழுதும்போது ‘டி’ என்ற ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மூலத் தாளில் அக்குழப்பம் இல்லை. வேறு குழப்பங்கள் தாராளமாக இருந்தன.

முதல் குழப்பம் ‘எம்.டி.’ என்பது. பணிவிடுப்புச் சான்றில் தொழில் என்ற இடத்தில் ‘டிரைவர் எம்.டி.’ என்றிருந்தது. மோட்டார் டிரான்ஸ்போர்ட் என்பதன் சுருக்கம் அது. மருத்துவத் தாளில் 1944-ஆம் ஆண்டுக்கு எதிரே மீண்டும் ‘எம்.டி.’ என்றும், பதினொரு நாட்கள் என்றும் இருந்தது. பதினொரு நாட்கள் ஏதோ வண்டிப் பயிற்சிக்குச் சென்றிருக்கிறார் என்றே குடும்பத்தார் கருதியிருந்தனர். நாமும் முதல் வாரம் அவ்வாறே எழுதி வைத்தோம். நமது மஹல்லாவில் ராணுவ மருத்துவப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தாளைக் காட்டியபோது, “பயிற்சிக்குப் போனவனை எதற்காக ஆஸ்பத்திரித் தாளில் எழுதுகிறான்?” என்று ஒரே கேள்வியில் நம்மைத் திருத்தினார். இங்கே ‘எம்.டி.’ என்றால் மேலிக்னன்ட் டெர்ஷியன், அதாவது மலேரியாவின் கொடிய வகை. இன்றைய மருத்துவர் ஃபால்சிபேரம் என்று கூறுவது. மூளையைத் தாக்கி ஓரிரு நாட்களில் ஆளைக் கொல்லக்கூடியது.

அவருடைய அந்தக் கேள்வியே பின்னர் நமக்கு வழிகாட்டியாக அமைந்தது. எழுத்தைப் பார்க்குமுன் அது எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில், எந்த ஊரில், யார் கையால் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

அதற்கடுத்த இரண்டு வரிகளில் ‘பி.டி.’ என்றிருந்தது. பினைன் டெர்ஷியன், அதாவது உயிர்க்கொல்லி அல்லாத மலேரியா, இன்றைய விவாக்ஸ். டெர்ஷியன் என்றால் மூன்றாம் நாள். காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்து எண்ணும் ரோமானியர் வழக்கப்படி மூன்றாம் நாள் என்பது, நம் கணக்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சலே. இவ்வகைக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதங்கள் கழித்தும் திரும்பத் தலைதூக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் மர்ஹூம் அவர்களுக்கு அவ்வப்போது ‘பட்டாளத்துக் குளிர்’ வரும் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அது வேலைக்கு அஞ்சிய நடிப்பன்று என்பதற்கு இந்த இரண்டு எழுத்துகளே சாட்சி.

மலேரியா நம் வாசகர்கள் எண்ணுவதைவிடப் பெரிய பகைவனாக இருந்தது. அஸ்ஸாம், பர்மா முனையில் 14-ஆவது படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம், போருக்குப் பின் எழுதிய நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். 1943-இல் காயம்பட்டுப் பின்னே அனுப்பப்பட்ட ஒருவருக்கு, நோயுற்று அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். 1942-இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போனதால் உலகத்தின் கொய்னா வரத்து பெரிதும் நின்றுபோயிற்று. நம் நீலகிரியில் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்கள் இருந்தபோதும் அத்தனை பெரிய படைக்கு அவை போதவில்லை. ஆகவே மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை வந்தது. அதைத் தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் பரவிற்று. வீரர்கள் மாத்திரையை வாயில் அடக்கித் துப்பத் தொடங்கினர். ஸ்லிம் திடீர்ச் சோதனைகள் நடத்தி, தம் ஆட்களை மாத்திரை உண்ணச் செய்யாத பட்டாலியன் தலைவர்கள் மூவரைப் பதவி நீக்கினார். நோயாளிகளை நூற்றுக்கணக்கான மைல் பின்னே அனுப்பாமல் போர்முனைக்கு அருகிலேயே வைத்துக் குணப்படுத்த ‘எம்.எஃப்.டி.யு.’ எனும் மலேரியா முன்களச் சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. மர்ஹூம் அவர்களுடைய பதினொரு நாட்களும் அத்தகைய ஒரு பிரிவிலேயே கழிந்தன என்பதை, வரியின் ஓரத்தில் இருந்த அந்த நான்கு எழுத்துகள் காட்டின.

இன்னும் சில எழுத்துகள் உண்டு. ‘பி.யு.ஓ.’ என்றால் காரணம் புலப்படாத காய்ச்சல். ‘என்.ஒய்.டி.’ என்றால் நோய் இன்னதென்று இன்னும் முடிவாகவில்லை. முதல் உலகப் போரில் குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் மனம் கலங்கியவர்களுக்கு, 1917-இல், இதனுடன் நரம்பைக் குறிக்கும் ‘என்’ என்ற எழுத்தையும் சேர்த்து எழுதினார்கள். அதிர்ச்சி நோய் என்ற சொல்லையே காகிதத்தில் தவிர்ப்பதற்காக. ‘என்.ஏ.டி.’ என்றால் குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் காணப்படவில்லை. ‘ஜி.எஸ்.டபிள்யூ.’ என்றால் துப்பாக்கிக் காயம். ‘எல்.டி.’ என்ற குறி நம் தாளில் இல்லையாயினும் அதற்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. கறுப்புக் காய்ச்சல் எனும் காலா அஸாரின் கிருமியை 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கண்டவர் டாக்டர் சார்லஸ் டோனோவன். அதே ஆண்டு, அவருக்குச் சற்று முன்னதாக, இங்கிலாந்தில் அதைக் கண்டு எழுதியவர் லீஷ்மன். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளே ‘எல்.டி.’

‘எம் அண்டு டி’ என்றொரு குறி எங்களைச் சிரிக்க வைத்தது. மெடிசின் அண்டு டியூட்டி, அதாவது மருந்தைக் கொடுத்து வேலைக்கு அனுப்பு. மர்ஹூம் அவர்களின் தாளில் 1943-இல் மூட்டுவலி என்று இரண்டு முறை மருத்துவரிடம் சென்றதற்கு எதிரே இதுவே எழுதப்பட்டிருந்தது. தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் நமது பிள்ளைகளிடம் இதைக் கூறியபோது, “இப்போதும் அதேதான், ஒரு மாத்திரை, பிறகு லைனுக்குப் போ” என்றனர். ஆனால் அந்த மூட்டுவலி சிரிக்கத்தக்கதாக இல்லை என்பது பின்னர் விளங்கிற்று. மூன்றாம் முறை அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, ருமாட்டிக் ஃபீவர் என்று சுருக்கமின்றி முழுதாகவே எழுதியிருந்தார் வேறொரு மருத்துவர்.

இப்போது அந்த ‘வி.டி.’

தாள் நான்காக மடிக்கப்பட்டு எண்பது ஆண்டுகள் கிடந்தது. அவ்வரியின் மேலேயே மடிப்பு ஓடுகிறது. மடிப்பில் மை உதிர்ந்து, காகிதம் இழையாகப் பிரிந்திருந்தது. சன்னலோரம் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது இரண்டாம் எழுத்தை அடுத்து ஒரு புள்ளியும், அதற்கப்பால் நிமிர்ந்த ஒரு கோட்டின் அடிப்பகுதியும் தெரிந்தன. மூன்றாவது எழுத்து ஒன்று இருந்திருக்கிறது. அது எது?

பால்வினை நோயாயின் அக்காலப் படை மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு எழுத்தோடு நிறுத்துவதில்லை. எந்த நோய் என்று காட்ட ‘வி.டி.ஜி.’ அல்லது ‘வி.டி.எஸ்.’ என்று எழுதுவர். முன்னது வெட்டை, பின்னது மேகப்புண். ஆஸ்திரேலியப் படை போன்றவற்றில் அந்நோய்க்காகச் சிகிச்சையில் கிடந்த நாட்களுக்குச் சம்பளமே நிறுத்தப்பட்டது. ஆதலால் எழுத்தர்கள் அதைத் தெளிவாக எழுதக் காரணமும் இருந்தது. ‘வி.டி.எச்.’ என்ற மற்றொரு குறியும் உண்டு. வால்வுலர் டிசீஸ் ஆஃப் தி ஹார்ட், அதாவது இதய வால்வு நோய். முதல் உலகப் போர்க் காலந்தொட்டே படை மருத்துவத் தாள்களில் பரவலாகக் காணப்படும் குறி இது. கடைசி எழுத்து மங்கினால் ஒரு மனிதரின் இதய நோய் ஒழுக்கக் கேடாகிவிடும். பிற நாடுகளிலும் மூதாதையர் ஏடுகளைப் படிப்போர் இவ்விடத்தில் இடறுவதுண்டு.

நிமிர்ந்த கோடு மட்டும் போதாது என்று ஹவில்தார் கூறினார். ஆகவே மற்ற வரிகளைக் கேட்டோம். அடுத்த தாளில் அதே நோய்க்காகக் கூடிய மருத்துவக் குழுவின் முடிவு ‘கேட்டகரி இ’ என்றிருந்தது. பிரிட்டிஷ் வகைப்பாட்டில் ‘இ’ என்றால் நிரந்தரமாகத் தகுதியற்றவர். 1945-இல் வெட்டை நோய்க்குச் சல்ஃபா மருந்துகள் இருந்தன, பென்சிலினும் வந்துவிட்டது; அந்நோயாளியைக் குணப்படுத்தி மீண்டும் வேலைக்கு அனுப்புவதே வழக்கம். ஓர் ஓட்டுநரை அதற்காக நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். குழுவின் குறிப்பில் ‘மைட்ரல்’ என்ற சொல்லும், நடக்கையில் மூச்சுத் திணறல் என்பதும் இருந்தன. மைட்ரல் என்பது இதயத்தின் இடப்புற அறைகளுக்கிடையே உள்ள வால்வு. 1943-இன் மூட்டுவலிக் காய்ச்சல் அங்கே வந்து சேர்ந்தது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டைத் தொட்டுவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய். வால்வு தடித்துச் சுருங்கும். நோயாளி உட்கார்ந்திருந்தால் நலமாகத் தோன்றுவார். ஏற்றம் இறைத்தால், கரை ஏறினால் மூச்சு வாங்கும். நம் மஹல்லாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் எல்லாத் தாள்களையும் காட்டினோம். எழுத்து ‘எச்’ தான் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

எழுத்தின் பேரால் வீரர்களின் மானம் ஊசலாடியது இது முதல் முறையன்று. 1914-இல் பிரான்சுக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களில் கையில் காயம்பட்டோர் மிகுதியாக இருந்ததால், போருக்கு அஞ்சித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர் என்ற ஐயத்தை அதிகாரிகள் எழுப்பினர். ‘எஸ்.ஐ.டபிள்யூ.’ என்பது அக்குற்றத்தின் குறி. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரின் கிச்சனர் இந்திய மருத்துவமனைக்குத் தலைமை வகித்த கர்னல் புரூஸ் ஸீட்டன், ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அந்த ஐயத்திற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை எழுதினார். அவ்வூர் மருத்துவமனைகளில் மவுத்தான முஸ்லிம் வீரர்களை அடக்கம் செய்ய வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலுக்கு அருகே தனிக் கபர்ஸ்தான் அமைக்கப்பட்டதும், அக்கபர்கள் 1968-இல் புரூக்வுட் இடுகாட்டிற்கு மாற்றப்பட்டதும் நம்மில் சிலர் அறிந்ததே. ஆயிரம் பேருக்காக ஒரு கர்னல் தாளைப் புரட்டினார். நம் பாட்டனாருக்காகப் புரட்ட எண்பது ஆண்டுகள் ஆயிற்று.

ஓய்வூதியம் மறுத்த கடிதத்தில், நோய் படைப்பணியால் நேர்ந்ததன்று என்று ஒரு வரி இருந்தது. பணியில் சேர்ந்தபோது உடல் தகுதி முழுமை என்று எழுதிய அதே அலுவலகத்துத் தாள்கள், 1943-இல் அவருக்குக் காய்ச்சல் வந்த நாளையும் காட்டுகின்றன. அவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து வாதிட அந்நாளில் இக்குடும்பத்தில் ஆங்கிலம் அறிந்தவர் எவருமில்லை. இப்போது கோருவதற்கும் எதுவுமில்லை. மனைவியும் மவுத்தாகி நெடுங்காலமாயிற்று.

ஆனால் இன்றும் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய குறி ‘என்.ஏ.என்.ஏ.’ என்பது. நோய் படைப்பணியால் வந்ததுமன்று, அதனால் மிகுந்ததுமன்று என்பது அதன் பொருள். மருத்துவக் குழு இந்த நான்கு எழுத்தை எழுதினால் உடற்குறை ஓய்வூதியம் மறுக்கப்படும். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேரும்போது எழுதிய தாளில் நோய்க் குறிப்பு எதுவும் இல்லையெனில் அவர் நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், ஐயத்தின் பலன் வீரருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2023-இல் விதிகள் திருத்தப்பட்டுள்ளன; ஆகவே விடுவிக்கப்பட்ட ஆண்டைப் பார்த்தே வழக்கறிஞரை அணுக வேண்டும். படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே உள்ளது.

மூதாதையரின் தாள்களைத் தேட விரும்புவோருக்கு முதலில் தேவை படை எண். பெயரைவிட எண்ணே அங்கு செல்லும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவணக் காப்பகம் நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்களுடையது பெங்களூரிலும் உள்ளன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக எழுதுவது எளிது. ‘ஷீட் ரோல்’ எனப்படும் தாளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; வாரிசு, தடுப்பூசி, காயம், பணியாற்றிய இடம் ஆகியவை அதில் இருக்கும். தாள் கையில் இருப்போர் அதை மடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டவும் வேண்டாம். மடிப்பு செய்த வேலையை மேலே கண்டோம்.

சென்ற ரமழானுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவிற்குப் பின், பேரனுடன் அவர்கள் வீட்டிற்குச் சென்றோம். மர்ஹூம் அவர்களின் கடைசி மகள் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். அத்தா ஏரிக்கரையில் விழுந்த நாளில் பத்து வயதுச் சிறுமி. பேரன் மறைத்து வைத்த செய்தியை நாம் கூறவில்லை. அதை அவரே தம் அத்தையிடம் கூறினார், அழுதுகொண்டே. அதன் பின் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினோம். மலேரியா, மூட்டுவலி, மருந்து கொடுத்து வேலைக்கு அனுப்பியது, இதய வால்வு. அம்மையார் இடையில் எதுவும் கேட்கவில்லை. படித்து முடித்ததும் அந்த மடிப்பின் மேல் விரலை வைத்து, “அப்போ அத்தா சும்மா ஒக்காந்திருக்கலே” என்றார். பிறகு எங்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.